மூன்றாவது ஆசை

பிச்சம்மாள் காதில் கை வைத்ததும் அன்னபாக்கியத்துக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்தான். அந்தக் கம்மலுக்கு மரை இறுகிப் போய் எவ்வளவோ காலம் ஆகிறது, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெள்ளத் திருகணும், இவள் என்னடாவென்றால் சோடா பாட்டிலைத் திறக்கிறவள் மாதிரி திருகுகிறாள், கோட்டிக்காரி, காதையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போனாலும் போவாள். சொல்லலாமென்றால் நாக்கு வாய்க்குள் நனைந்த துணி மாதிரி கிடக்கிறது. அடுப்பங்கரையில் விழுந்த அன்றைக்கு வலது கையும் வலது காலும் போயிற்று, கூடவே பேச்சும் போயிற்று. காது போகவில்லை. அதைத்தான் இந்த வீட்டில் ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை. தலைமாட்டில் நின்றுகொண்டே பந்தல்காரனுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டுக்கொள்கிறார்கள், எந்தச் சேலையை உடுத்துவது என்று கேட்டுக்கொள்கிறார்கள், அவளுக்குப் பிடிக்காத அந்தக் கத்திரிப்பூச் சேலையை எடுத்து வைத்துவிட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னார்? இனிமே மருந்து பெரிசா ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லாக் கவனிச்சுக்கிடுங்க என்றார். கவனிச்சுக்கிடுங்க என்று சொன்னதைத் தவமணி கைவிட்டாச்சு என்று எடுத்துக்கொண்டான். பெற்ற மகன்தான், ஆனால் சின்னதிலிருந்தே அவனுக்கு எதையும் பாதிதான் கேட்கும். ஊருக்கெல்லாம் போன் போட்டான். முதலில் வந்து இறங்கியவள் இந்தப் பிச்சம்மாள், அன்னபாக்கியத்தின் புருஷனோடு கூடப் பிறந்தவள், சாவு வீடு என்றால் பத்து ஊர் தாண்டி வந்து காரியத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறவள். வந்ததும் முதல் வேலையாகத் தலையணையை உருவிப் பரண் மேல் வீசினாள். தலை உசந்திருந்தா சீவன் இறங்காது என்றாள். ரெண்டு நாள் பார்த்தாள். சீவன் இறங்கவில்லை. இன்றைக்கு மத்தியானம் சோறு தின்று, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு, கட்டிலின் காலடியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மதினி எதையோ பிடிச்சுக்கிட்டுக் கிடக்கா, ஆசை அடங்கல, எந்த ஆசைன்னு கண்டு தீத்து வச்சாத்தான் போவா.

கல்லில் கம்மலை உரசுகிற சத்தம் கேட்கிறது. கர்ரக், கர்ரக். பல்லெல்லாம் கூசுகிறது. பொன்னாசையாம். பொன்னை உரசிப் பாலில் கலந்து வாயில் ஊற்றினால் அந்த ஆசை தீர்ந்து உயிர் கழன்றுகொள்ளுமாம். அடிப் பாவி, பொன்னாசை இருக்கிறவள் நீயா நானா, உரசின கம்மலைத் திரும்பக் காதில் போட்டாயா, முந்தானையில் அல்லவா முடிகிறாய், இந்தக் கண்ணால் பார்த்துக்கொண்டுதானே கிடக்கிறேன். பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையின் நுனி உதட்டில் பட்டது. பால் ஆறிப் போய் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல இடது கை விரலை அசைத்தாள். பாத்தியா, விரல அசைக்கா, கேக்கா, இன்னும் ஊத்துன்னு சொல்லுதா, என்றாள் பிச்சம்மாள். வெள்ளமாக உள்ளே இறங்கியது. போக வேண்டிய வழியில் போகவில்லை. ஏதோ ஒரு கதவு மூடவேண்டிய நேரத்தில் மூடாமல், நெஞ்சுக்குள் ஐஸ் மாதிரி ஒரு கோடு இழுத்துக்கொண்டு போயிற்று, அப்புறம் மூச்சு இல்லை, மூச்சு எங்கே, இந்தா இருந்ததே, கூரையில் ஃபேன் சுற்றுகிறது, அவ்வளவு காற்று இருக்கிறது வீட்டில், ஒரு வாய் உள்ளே வரமாட்டேன் என்கிறது, கண் பிதுங்குகிறது, காதுக்குள் செண்டை அடிக்கிறது, செத்தேன், செத்தே போனேன், என்று நினைத்தபோது எங்கிருந்தோ ஒரு இருமல் வந்து எல்லாவற்றையும் தூக்கி எறிந்தது. மூக்கு வழியாகப் பால் வந்தது. மருமகள் ஜெயக்கொடி ஓடி வந்து துடைத்தாள். பெரிம்மா, படுக்க வச்சு ஊத்தக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில நர்ஸ் பிள்ள, என்று ஆரம்பித்தாள். நர்சுக்கு என்னட்டி தெரியும், எத்தனை சாவு பாத்திருப்பா அவ, நான் பாத்ததுல பாதி பாத்திருப்பாளா, என்று பிச்சம்மாள் ஒரு அதட்டுப் போட்டாள். ஜெயக்கொடி துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நர்ஸ் பிள்ளை சொன்னது அன்னபாக்கியத்துக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. அக்கா, இவுகளுக்குத் தொண்டை வேலை செய்யல, படுத்த வாக்குல ஒரு சொட்டுத் தண்ணி குடுத்துராதிய, நெஞ்சுக்குள்ள போயி மூச்சு நின்னுரும், முதுகுக்குத் தலையணை வச்சு நல்லா நிமித்தி உக்கார வச்சு, கஞ்சியக் கெட்டியாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க, தேறிருவாக. தேறிருவாக என்றுதான் சொன்னாள். ஜெயக்கொடி ஒருத்திதான் பக்கத்தில் நின்று கேட்டாள். கேட்டபடி செய்தாள். தலையணையை அணைத்து வைத்து, ஒரு கை முதுகிலும் ஒரு கை கரண்டியிலுமாக, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் காத்திருந்து காத்திருந்து கொடுத்தாள். நேற்றுக்கு முந்தின நாள்வரை அப்படித்தான். ஆக உயிர் நிற்பது ஆசையால் இல்லை, கஞ்சியால். இதை எப்படிச் சொல்ல? இவர்கள் எல்லாம் ஆசை ஆசை என்று அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அன்னபாக்கியத்துக்கு ஊரில் அந்தப் பேர்தானே. பேராசைக்காரி. யார் முதலில் சொன்னது என்று தெரியாது, பிச்சம்மாளாகத்தான் இருக்கும். பறக்காவெட்டி என்றும் சொல்வாள், கல்யாண வீட்டுப் பந்தியில் ரெண்டாந்தரம் பாயசம் கேட்டதற்கு. பிசினாறி என்று சொன்னவள் பக்கத்து வீட்டுக்காரி, முருங்கைக்காய் கொடுக்காததற்கு. ரெண்டும் ஒன்றா? பிசினாறி தன்னுடையதைக் கொடுக்க மாட்டாள், பேராசைக்காரி அடுத்தவளுடையதைக் கேட்பாள், ஒருத்தி எப்படி ரெண்டாகவும் இருப்பாள், இந்த ஊர்க்காரர்களுக்குத் திட்டக்கூடத் தெரியாது. அல்பம் என்று ஒன்று இருக்கிறது, அது சின்ன சாமானுக்கு ஆசைப்படுகிறவளுக்கு. பெரிய சாமானுக்கு ஆசைப்பட்டால் கெட்டிக்காரி என்று சொல்லிவிடுகிறார்கள். ஆசைக்கு மேலே போனால் பேராசை, சரி, எந்த இடத்தில் மேலே போகிறது, கோடு கிழித்து வைத்திருக்கிறார்களா? வயிறு நிறையத் தின்னணும் என்பது ஆசைதானே. மூச்சு விடணும் என்பது? நாளைக்கும் மூச்சு விடணும் என்பது? அறுபத்து நாலு வயசு ஆயிற்று, போதாதா என்று கேட்கிறார்கள், போதாது, போதவே போதாது, அறுபத்து நாலு ஒரு வயசா, பிச்சம்மாளுக்கு எழுபது, அவளிடம் போய்க் கேளுங்களேன் போதுமா என்று.

வாசலில் வண்டிச் சத்தம். தவமணி வந்துவிட்டான். கண்மாய்க்கு அந்தப் பக்கத்துப் புஞ்சையிலிருந்து மண் எடுத்து வரச் சொல்லி அனுப்பியிருந்தாள் பிச்சம்மாள், அடுத்தது மண்ணாசையாம். பாலிதீன் பையில் கரிசல் மண், அவன் கையில் அது தொங்குகிற விதத்தைப் பார்த்தால் கறி வாங்கி வந்தவன் மாதிரி இருக்கிறது. ஏலே, அந்தப் புஞ்சை மேல எனக்கு என்னலே ஆசை, களை பறிச்சு இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம், மழை இல்லாத வருஷம் வெடிச்சுக் கிடக்கும், மழை பெய்த வருஷம் சேறாகிச் செருப்பைப் பிடுங்கும், ஆசைப்பட்டது உங்க அப்பன், அந்த மனுஷன் போயே போயிட்டாரு, அவருக்குக் கரைத்து ஊத்தியிருக்க வேண்டியதை எனக்குக் கொண்டாந்து ஊத்துதிய. டம்ளருக்குள் விரல் விட்டுக் கலக்குகிறான். நகத்துக்கு அடியில் கறுப்பு. அழுகிறான் வேறு. அழுதுகொண்டே கலக்குகிறான். அம்மா, எல்லாத்தையும் விட்டுட்டு நிம்மதியாப் போம்மா, என்கிறான், பாவம், அவன் நல்லதுக்குத்தான் சொல்கிறான், அதுதான் பயமாக இருக்கிறது, கெட்டவன் என்றால் தப்பிக்க வழி இருக்கும், இவன் அன்போடு அல்லவா வருகிறான். பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த ஒரு வேலை மட்டும் உடம்பில் இன்னும் அவள் சொன்னபடி கேட்கிறது. கடி, விடாதே, கடி. ஜெயக்கொடி நடைவாசலில் வந்து நின்றிருந்தாள், கதவில் சாய்ந்துகொண்டு. சொல்லுட்டி, ஒரே ஒரு வாக்கியம், நர்ஸ் பிள்ள சொன்னதை முழுசாச் சொல்லு, தவமணிட்டச் சொல்லு, உம் புருஷன் நீ சொன்னாக் கேப்பான். கண்ணாலேயே கெஞ்சினாள். ஜெயக்கொடி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நப்பாசை, இதுக்குத்தான் அந்தப் பேர், நடக்காது என்று தெரிந்தும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறதுக்கு. கடித்த பல்லுக்கு வெளியிலேயே பாதி வழிந்தது, கழுத்தில் ஓடி ரவிக்கைக்குள் போயிற்று, மீதி எப்படியோ சந்தில் நுழைந்து தொண்டையில் மணல் மணலாக நின்றது. மறுபடியும் இருமல். இந்தத் தடவை இருமலுக்குப் பலம் குறைந்திருந்தது, அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர்ப் பானை கொதிக்கிற மாதிரி கொளகொளவென்று ஒரு சத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள்? தெரியும், தெரியாமலா இருக்கும். பேத்தி மலர்விழி. மலரு. எம் பிள்ள. எம் பிள்ள என்று சொன்னாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும், பெற்றவள் நான் என்பாள், வாயால் சொல்லமாட்டாள், முகத்தால் சொல்வாள். பெற்றாய், யார் இல்லை என்றது, வளர்த்தது யார்? பிள்ளை பிறந்து மூணாம் மாசம் உனக்குக் காய்ச்சல் வந்ததா இல்லையா, பால் கொடுத்தால் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நான் தூக்கி வந்தேன், அதில் என்ன தப்பு, காய்ச்சல் விட்டதும் கேட்டாய், இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்றேன். ரெண்டு நாள் என்பது அப்புறம் எப்படியோ நீண்டுகொண்டே போயிற்று. மத்தியானத்தில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உள் அறையில் படுத்திருப்பாள் அன்னபாக்கியம், வெயிலுக்குக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருப்பாள், பிள்ளை சிணுங்கும், கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்கும். நெஞ்சு நனைந்த ரவிக்கையோடு அவள் அங்கே நிற்பது இவளுக்குத் தெரியும். எழுந்து திறக்கலாம். புட்டிப்பாலைப் பாலாடையில் ஊற்றிப் பிள்ளை வாயில் வைப்பாள். அது சப்புக் கொட்டிக் குடிக்கும். வளையல் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் போய்விடும். கொஞ்ச நாளில் ஜெயக்கொடிக்குப் பால் வற்றிப்போயிற்று, அதோடு கதவுப் பக்கம் வருவதும் நின்றது. பிள்ளை முதல் வார்த்தையாக அம்மா என்றது, இவளைப் பார்த்துத்தான் என்றது. ஏட்டி ஜெயா என்று இவள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அதுவும் பெற்றவளை ஜெயா என்றே கூப்பிட்டது, எல்லாரும் சிரித்தார்கள், ஜெயக்கொடியும்தான் சிரித்தாள், சிரித்த மாதிரிதான் இருந்தது. பள்ளிக்கூடம் போய், பெரிய மனுஷியாகி, கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகும் அம்மா என்றால் அன்னபாக்கியம், ஜெயா என்றால் ஜெயா. ஆசையாக வளர்த்தேன், அவ்வளவுதான், ஒரு பிள்ளை மேல் ஆசை வைத்தது குத்தமா, பொன்னைக் கேட்டேனா மண்ணைக் கேட்டேனா. வேறு ஒரு பிள்ளை அவளுக்குப் பிறந்திருந்தால் அதை அவளிடமே விட்டிருப்பேன். விட்டிருப்பேனா? விட்டிருக்கமாட்டேன். சவம், பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, அதையும் தூக்கியிருப்பேன்.

பொன்னும் இல்ல மண்ணும் இல்ல, அப்போ மூணாவதுதான், என்றாள் பிச்சம்மாள். ஆம்பளைக்குன்னா மூணாவது பொண்ணாசை, பொம்பளைக்கு மூணாவது என்ன அத்தை என்று தவமணி கேட்டான். அவனுக்கு எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று எப்போதுமே தெரியாது. பிச்சம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். எல மூதி, இதுகூடவா தெரியல, பேத்திதான், மலர நெனச்சுக்கிட்டுத்தான் உசுரப் பிடிச்சிருக்கா, அவ வந்து தன் கையால மூணு வாய் பால் ஊத்தட்டும், அடுத்த நிமிசம் போறாளா இல்லையா பாரு. பரீட்சை என்று சொல்லி மலருக்கு நேற்றுவரை யாரும் விவரம் சொல்லவில்லை, காலையில்தான் தவமணி போனில் சொன்னானாம், பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாளாம். மலரு வாராளா? ஒரு நிமிஷம் அன்னபாக்கியத்துக்கு எல்லாம் மறந்துபோயிற்று. வாரா, எம் பிள்ள வாரா, மெலிஞ்சிருப்பாளோ, ஹாஸ்டல்ல என்னத்தப் போடுதானோ. அப்புறம்தான் மற்றது உறைத்தது. அவ கையால மூணு வாய். மண்ணைத் துப்பத் தெம்பு இருந்தது, இனி இல்லை, நெஞ்சில் அந்தக் கொளகொள சத்தம் ஏறிக்கொண்டே வருகிறது, இன்னொரு தடவை தப்பான வழியில் போனால் திரும்பி வர முடியாது. வராதே தாயி, பஸ் பங்க்சர் ஆகட்டும், சாலையில் மரம் விழட்டும், வராதே. வா, வா, முகத்தைப் பாக்கணும். வெயில் ஜன்னலில் இருந்து இறங்கிச் சுவரோரமாகப் போயிற்று. அடுக்களையில் பால் காய்ச்சுகிற வாசனை வந்தது. காய்ச்சுவது ஜெயக்கொடிதான், வேறு யார், சர்க்கரை போடுகிற கரண்டிச் சத்தம் கேட்கிறது, தெரிந்தே காய்ச்சுகிறாள். தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். சாகப் போகிறவளுக்கு ஐஸ் ஞாபகம் வருகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வந்தது, சேமியா ஐஸ், பல்லில் பட்டதும் கூசுமே, அது.

அம்மா! மலர் பையைக்கூட இறக்காமல் வந்து கட்டிலில் விழுந்தாள். ஏம்மா, என்னம்மா இது, எங்கிட்ட ஏன் யாருமே சொல்லல? பஸ் வாசனை, வியர்வை வாசனை, அதற்கு அடியில் அவளுடைய வாசனை. என்ன தாயி என்றுதான் சொன்னாள் அன்னபாக்கியம், சத்தம்தான் வரவில்லை, எப்போது அம்மா என்று கூப்பிட்டாலும் அதற்கு முந்திக்கொண்டு வருகிற என்ன தாயி. மெலிந்துதான் போயிருக்கிறாள். பிச்சம்மாள் பாலாடையை அவள் கையில் திணித்தாள். அழாத தாயி, ஆச்சி ஒனக்காகத்தான் கெடக்கா, மூணு வாய் ஊத்து, ஒங்கையால குடிச்சாத்தான் அவளுக்கு வழி பெறக்கும். பிள்ளையின் கையிலிருந்து பால் ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது, சூடாக இருந்தது. தவமணிக்குக் கடித்த பல்லை இவளுக்கும் கடிக்கணும். கடிக்க முடியவில்லை. எங்கையால குடிக்க மாட்டேங்காளே என்று பிள்ளை அழுமே. குடித்தால்? குடித்தால் இந்தக் கையாலேயே போய்விடுவேன், ஆயுசு முழுக்க இந்தப் பிள்ளை அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து நினைத்துக்கொண்டிருக்கும், என்னையே நினைத்துக்கொண்டிருக்கும், வேறு யாரும் நடுவில் வரவே முடியாது. அந்த நினைப்பு நாக்கில் தித்தித்தது. தித்தித்ததும் அன்னபாக்கியத்துக்கே உடம்பு சில்லிட்டுப் போயிற்று, அடியே, நீ என்ன சென்மம், இதுக்கு என்னடி பேர், பறக்காவெட்டியும் இல்லை அல்பமும் இல்லை, இதற்கு இன்னும் ஊரில் பேரே வைக்கவில்லையே. சில்லிட்டாலும் என்ன, உதடு பிரிந்துகொண்டுதான் வந்தது.

ஒரு கை குறுக்கே வந்து மலரின் மணிக்கட்டைப் பிடித்தது. நீ ஊத்தாத, என்றாள் ஜெயக்கொடி. விடு ஜெயா, என்றாள் மலர். விட மாட்டேன். படுக்க வச்சு ஊத்துனா நெஞ்சுக்குள்ள போயி மூச்சு நின்னுரும், நர்ஸ் சொன்னா, மத்தியானத்துல இருந்து உசுரு தொண்டை வரைக்கும் வந்து வந்து நிக்கி, நான்தான் சொல்லாம நின்னேன், நான் பாவி, ஒங்கையால அது நடக்க நான் விட மாட்டேன், உக்கார வச்சுக் குடுத்தா ஒங்க ஆச்சிக்கு ஒண்ணும் ஆகாது, அவுக சாகல, கேட்டியா, அவுக சாகவே இல்ல. ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஜெயக்கொடி சத்தம் போட்டு அழுதாள். தவமணி வாயைத் திறந்தபடி நின்றான். சொல்லிட்டா. சொல்லிட்டாளே மகராசி. அன்னபாக்கியத்தின் கண்ணோரத்தில் சூடாக வழிந்தது. பிழைத்தேன். இனி தேறிருவேன், நர்ஸ் பிள்ள சொன்னாளே. மலரின் கையிலிருந்து பாலாடையைப் பிடுங்கியவள் பிச்சம்மாள்தான். இவளுக என்ன கண்டாளுக, சீவன் தவிக்கறது கண்ணுக்குத் தெரியல, என்று முணுமுணுத்துக்கொண்டே அதை உதட்டில் கொண்டுவந்து வைத்தாள். வை, வைத்துக்கொண்டே இரு, பல்லு இந்தா பூட்டிவிட்டது, யானை வந்தாலும் திறக்காது, கொஞ்ச நேரம்தான், நிமிர்த்தி உட்கார வைத்துவிடுவார்கள், கஞ்சி வரும். பரண்ல தலையணை கெடக்கு, எடுத்துட்டு வா மலரு, முதுகுக்கு வைக்கணும், சீக்கிரம், என்று ஜெயக்கொடி அழுகைக்கு நடுவில் சொன்னாள். மலர் அவளைப் பார்த்தாள். இதுவரை பார்த்திராத யாரையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள். பார்த்துவிட்டு அவள் கண்ணீரைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள்.

இந்தா எடுத்துட்டு வாரேன், அம்மா, என்றாள்.

யாரை? யாரைச் சொன்னாள்? முகம் அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது. அந்தச் சொல் ஜெயக்கொடியிடம் போய், ஜெயக்கொடி அதைக் கேட்டு, தாங்க முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அன்னபாக்கியம் பார்த்தாள். இல்ல, அது எனக்குள்ளது. தாயி, அது எனக்குள்ளதுட்டி, அதை அவளுக்குக் குடுக்காத, கம்மலை எடுத்துக்கிடுங்க, புஞ்சையை எடுத்துக்கிடுங்க, அதை மட்டும் குடுக்காத. சொல்லியே ஆகணும், இப்போதே, இந்த நிமிஷமே சொல்லியே ஆகணும் என்று அவள் வாயைத் திறந்தாள்.

பாத்தியளா, தானா வாயத் தொறந்துட்டா, என்று சொல்லிப் பிச்சம்மாள் பாலைச் சரித்தாள்.